மாத்திரை படுத்திய பாடு

கைப்பேசியிடம் மனம் விட்டுப் பேசக் கூடாது. நன்றாகக் கேட்டுக்கொள்ளும், யாரிடம் போய்ச் சொல்லும் என்பதுதான் தெரியாது.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். (என் பெயரைத் தப்பில்லாமல் எழுதுவேன். பொன்னேரி பஸ்ஸைத் தூரத்திலேயே படித்துவிடுவேன்.) ஆனால் பேச்சில் என்னை ஜெயிக்க எங்கள் ஊர் பசியாவரத்தில் ஆள் பிறக்கவில்லை என்ற நினைப்பு எனக்கு அப்போது இருந்தது.

ரத்தக் கொதிப்புக்குப் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கத் தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல். சாதாரண இருமலா? படகு மோட்டார் கிளம்ப மாட்டேன் என்று உறுமுமே, அந்த மாதிரி. மாத்திரையின் பக்கவிளைவைச் சொல்வதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறது என்று நர்ஸம்மா என் மகன் ஏழுமலையின் போனில் இறக்கிக் கொடுத்தாள். மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போதுமாம். மருமகள் கஸ்தூரி கூட இருந்து உதவுகிறேன் என்றாள். நானா விடுவேன்? சொல்லப் போகிற சங்கதி அப்படி. அவளைக் கருவாடு திருப்பிப் போட அனுப்பிவிட்டேன்.

ஆப்பைத் தேடும்போது போனின் மேலிருந்து ஏதோ இறங்கி வந்தது. தொட்டேன். மைக் படம் தெரிந்தது. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நிதானமாக, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். பாரம் இறங்கியது போல இருந்தது.

மறுநாள் காலையில் ஏழுமலை வலையை நனைக்காமலே திரும்பி வந்தான். முகம் செத்திருந்தது.

"நம்ம பாட்டை முனுசாமிக்கு உட்டுக் குடுத்துட்டியாமே. இன்னாம்மா இது?"

எனக்கு இருமல்கூட நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பாடு என்றால் கஷ்டம் மட்டுமல்ல. ஏரியில் வலை போட வீட்டுக்கு வீடு சீட்டுக் குலுக்கிக் கிடைக்கும் முறைக்கும் அதுதான் பெயர். அது கைவிட்டுப் போனால் அந்தச் சுற்று முழுக்க அடுப்பில் பூனை உறங்கும். ஆப் என்று நினைத்து நான் பேசியது ஊர் மீனவர்களின் வாட்ஸப் குரூப்பில். தொடக்கமே இப்படி: "இந்தப் பாடு எனக்கு வாணாம்பா. வேற எவனுக்காச்சும் போவட்டும்."

அதற்குமேல் ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு என் சொல்தானே வீட்டுச் சொல். அடுத்த சீட்டுக்கார முனுசாமி விடிவதற்குள் வலையைக் கட்டிவிட்டான்.

ஊர்க்கூட்டம் கூடியது. நான் சொன்னது மாத்திரையைப் பற்றி என்றேன்.

"மாத்திரைக்கு இன்னாத்துக்கு பெரிம்மா எங்க குரூப்பு?" என்றான் முனுசாமி.

நியாயமான கேள்விதான். முழுதும் கேட்டால் விளங்கும், தலைவர் மட்டும் காதில் வைத்துக் கேட்கட்டும் என்று கெஞ்சினேன். (கெஞ்சியது அதுதான் முதல் தடவை.) ஊருக்குப் பொதுவான பாடு, ஊரே கேட்கட்டும் என்று அவன் பிடித்த பிடியை விடவில்லை. கோயில் மைக்செட் வந்தது.

மீதியில் என்ன இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும். ஏழுமலையைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடு நைனா," என்றேன் மைக்செட்காரனிடம்.

என் குரல் ஏரியின் அக்கரைவரை போனது. "மாத்திரய போட்டா இருமலு புடிச்சி ஆட்டுது. இருமுனா சேலை நனைஞ்சி போவுது. அன்னிக்கி தலைவர் வூட்டு நிச்சயத்துல, அந்தப் புது மெத்தை நாற்காலில சொம்புத் தண்ணி கொட்டிச்சின்னு சொன்னேன் பாரு, அது சொம்புத் தண்ணி இல்லம்மா."

தலைவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் மெல்ல எழுந்தார். வேட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். (நிச்சயம் முடிந்து மாதமாகியிருந்தது. ஆனாலும் தொட்டுப் பார்த்தார்.)

"பாடு அக்காவுக்கே," என்றார். "மாத்திரையத்தான் மாத்தணும்."

முனுசாமி அன்றே வலையை அவிழ்த்தான். அன்று மாலை கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்காமல், ஆப்பில் எல்லாவற்றையும் பதிந்தாள். டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருமல் போனது, அதோடு மற்றதும் போனது.

தலைவர் வீட்டு மெத்தை நாற்காலி மட்டும் மறுநாளே ஒரு ஆளின் தலையில் ஏறி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது முகம்? யார் வந்தாலும் ஏழுமலை அதைத்தான் இழுத்துப் போடுவான். ஊர்க்காரர்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்கள். வெளியூரிலிருந்து கருவாடு வாங்க வருகிறவர்கள், கணக்கெடுக்க வருகிறவர்கள், இவர்கள்தான் அதில் சாய்ந்து உட்கார்ந்து, "நல்ல நாற்காலி, எங்க வாங்குனீங்க?" என்பார்கள்.

"எங்கம்மா பேசி வாங்குனது," என்பான் என் பிள்ளை.