முதல் கோப்பையின் கறுப்பு

படம் கழுவும் மருந்துத்தூள் இனி ஐரோப்பாவிலிருந்து வராது என்று தெரிந்த அன்று மத்தியானம், லெம்மா இஞ்செரா அப்பத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சபதம் போட்டார்.

"வராட்டி போகட்டும்! இந்த அடிஸ் அபாபாவுல படத்தைக் கையால அச்சுப் போடுறவன் நான் ஒருத்தன் இருக்கேன். வெளிநாட்டுத் தூள் இல்லைன்னா உள்நாட்டுத் தூள்!"

"அது என்ன தூள்?" என்றாள் மனைவி வொய்னிது.

"காபி."

"எந்தக் காபி?"

"நம்ம காபிதான்."

"நம்ம காபி இல்லைங்க அது. என் காபி."

கொரோனா வந்ததிலிருந்து விமானத்தில் முகக்கவசம்தான் வந்து இறங்கியது. மருந்துத்தூளை யார் சீண்டினார்கள்? இந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்த கண்காட்சிக் கூடம், கூட்டம் கூடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு, தெருப்பக்கத்து ஜன்னல்களில் படம் மாட்டப்போவதாக அறிவித்தது. ஆளுக்கு ஒரு ஜன்னல், ஒரே படம். லெம்மாவுக்குக் கிடைத்தது நடு ஜன்னல்! சேதி வந்த நாளாகத் தலை கூரையில் இடித்துக்கொண்டிருந்தது மனிதருக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் போய்ச் சேராவிட்டால் அந்த ஜன்னல் ஷிமெலிசுக்குப் போய்விடும். ஷிமெலிஸ் கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கிப் படம் எடுப்பவர். லெம்மாவின் கணக்கில் அவர் மனிதரே இல்லை. ஆளில்லாத மெஸ்கல் சதுக்கத்தை லெம்மா ஃபிலிமில் எடுத்து வைத்திருந்தார். சுருள் இன்னும் கேமராவுக்குள்ளேயே இருந்தது. அச்சுப் போடும் பெரிய தாள் கையிருப்பில் ஒன்றே ஒன்று.

காபி, சலவைச் சோடா, வைட்டமின் மாத்திரை மூன்றையும் கலந்தால் படம் எழும்பும் என்று நண்பர் போனில் சொல்லியிருந்தார். வைட்டமின் மாத்திரை மருந்துக்கடையில் மருந்துக்குக்கூட இல்லை. எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம் என்றார் லெம்மா. படம் நிலைக்க உப்புக் கரைசல். அதுவும் சமையலறையில் இருந்தது. காபிதான் வொய்னிதுவின் முந்தானையில் முடிந்து கிடந்தது.

கேட்டால் கொடுக்க மாட்டாள். லெம்மா வேறு வழி பார்த்தார்.

"வொய்னிது, பாவம் திருநேஷ். அடைஞ்சு கிடக்கிறா பக்கத்து வீட்டுல. முற்றத்துல தள்ளித் தள்ளி உட்கார்ந்து காபி குடிச்சா என்ன?"

வொய்னிது அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காபிக்கு ஆள் வந்தாலே மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பீங்களே. இன்னிக்கு என்ன கரிசனம்?"

"நோய்க்காலம். மனசு இளகிப்போச்சு."

"இளகட்டும், இளகட்டும்."

அன்று சாயங்காலம் கொட்டையை வறுத்து, உரலில் இடித்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. திருநேஷுக்குக் குடை பிடிக்க வொய்னிது வாசலுக்குப் போனாள். லெம்மா உரல் முன்னால் மண்டிபோட்டார். கவசத்தைத் தாடைக்கு இறக்கினார், நாக்கைத் துருத்திக்கொண்டார், குழிக்கரண்டியை உள்ளே விட்டார். தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டியதில் அவர் மூச்சு விட்டது அவருக்கே கேட்கவில்லை.

அந்தக் காபியில்தான் ஃபிலிம் சுருளைக் கழுவினார். எழும்பி வந்ததே பாருங்கள்! சதுக்கத்தின் படியெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணலாம். சுருளில் மற்றப் படங்களை அவர் பார்க்கக்கூட இல்லை. இந்த ஒன்றையே வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பூரித்துப்போனார்.

அச்சுப் போடத்தான் காபி மிச்சமில்லை. அடுத்த நாள் உரலை வொய்னிது மடியிலேயே வைத்துக்கொண்டாள். லெம்மா குழைந்தார்.

"நீங்க குடிச்சு முடிச்சதும் ஜெபெனாக் கூஜாவை என்கிட்ட குடுத்துடேன். நானே கழுவி வைக்கிறேன்."

"அட, கூஜா கழுவுறாராம்! திருநேஷ், கேட்டியா?"

"என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே," என்றாள் திருநேஷ்.

லெம்மா ஜன்னலோரம் காத்திருந்தார். முதல் கோப்பை அபோல் ஆயிற்று. அதே தூளில் தண்ணீர் ஊற்றி இரண்டாவது, தோனா. இன்னும் தண்ணீர் ஊற்றி மூன்றாவது, பரகா.

"போதும்மா, இருட்டப்போகுது!" என்று கத்தினார் லெம்மா.

"பரகா குடிக்காம எழுந்தா ஆசீர்வாதம் போயிடும்ண்ணே!" என்று பதில் வந்தது.

ஆசீர்வாதம் திருநேஷோடு போனது. கூஜா லெம்மாவிடம் வந்தது. அந்தத் தண்ணீரில் துண்டுத்தாள் போட்டுப் பார்த்தார். மெஸ்கல் சதுக்கம் ஆவி மாதிரி வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் ஞாயிறு. ஷிமெலிஸ் ஜன்னல் கண்ணாடியை இப்போதே துடைத்துக்கொண்டிருப்பான்!

காலையில் வொய்னிது இருட்டறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஆவி பறக்கும் ஜெபெனா.

"அபோல். ஒரு சொட்டு யாரும் குடிக்கலை. வேணுமா?"

"என் ராசாத்தி!"

"ராசாத்திக்கு ஒரு நிபந்தனை இருக்கு. நானும் உள்ள வருவேன். படத்தைப் பெரிசாக்குற கருவி விளக்கை நான்தான் போடுவேன். நீங்க தட்டைப் பாருங்க."

இவ்வளவுதானா? இத்தனை வருஷம் கழித்துப் பெண்டாட்டிக்குக் கலை மேல் ஆசை வந்துவிட்டதே என்று லெம்மாவுக்குக் கண் கலங்கியது. ஃபிலிமைக் கருவியில் பொருத்தி, சதுக்கம் சரியாக விழுகிறதா என்று பார்த்தார். கடைசித் தாளை விரித்தார். பிறகு திரும்பி நின்று சோடாவையும் எலுமிச்சையையும் காபியில் கலக்கினார். முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, அணைந்தது.

"ஆச்சுங்க. போடுங்க."

காபிக்குள் அமிழ்ந்த தாளில் எதுவும் தெரியாது. எடுத்தால்தான் உண்டு. லெம்மா தட்டை ஆட்டினார், ஆட்டினார், சிவப்பு விளக்கில் மெல்லத் தூக்கினார்.

கறுப்பென்றால் அது கறுப்பு! வெளிநாட்டுத் தூள் பிச்சை வாங்க வேண்டும். ஆனால் சதுக்கத்தைக் காணவில்லை. உரல் இருந்தது. உரலுக்குள் ஒரு கை இருந்தது. கைக்கு மேலே, தாடையில் கவசமும் துருத்திய நாக்குமாக லெம்மா இருந்தார்.

"அடிப்பாவி! இதை எப்ப எடுத்தே?"

"குடையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேனா, உங்க கேமரா நாற்காலியிலேயே கிடந்துச்சு. அந்தச் சுருளை நீங்களேதான் கழுவினீங்க. இன்னிக்கு நீங்க திரும்பினதும் ஃபிலிமை ஒரு படம் தள்ளி நகர்த்தினேன், அவ்வளவுதான்."

"கடைசித் தாள்டி!"

"தெரியும். ஜன்னலைக் காலியா விடுங்களேன். ஷிமெலிஸ் சந்தோஷப்படுவார்."

ஜன்னலைக் காலியாக விட லெம்மாவுக்கு மனசு வருமா? உப்பில் போட்டு, அலசி, உலர்த்தி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் நடு ஜன்னல் முன்னால்தான் ஜனம். தள்ளித் தள்ளி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஷிமெலிஸ்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெம்மா கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கண்காட்சிக் கூடத்தை நடத்தும் அம்மாள் வெளியே வந்தாள்.

"யார் எடுத்த படம் இது?"

"நான்தாங்க," என்றாள் வொய்னிது.

"பிரமாதம்! அடுத்த தடவையும் நடு ஜன்னல் உங்களுக்குத்தான். அச்சு யார் போட்டது? இப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததே இல்லை."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கறுப்பைப் புகழ்ந்துவிட்டார்களே! லெம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார்.

"அந்தத் திருடன் கைக்குக் கீழே நிழல் விழுதே, பாருங்க மேடம். அந்தக் கறுப்பு என்னுது!"

"கையும் அவரோடதுதான்," என்றாள் வொய்னிது.