இருவருக்கு ஒரு தட்டு

என் மேல் சத்தியம், இந்தப் பேனா மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்கள் மேல் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வெண்ணெய் மாஸ்டரின் சாப்பாட்டுக் கடையில் ஓர் அரைக்கோழி உண்டு. வெண்ணெயில் நீச்சலடித்துவிட்டுத்தான் தட்டுக்கு வரும். அந்த வாசனைக்கு, மூன்று தெரு தாண்டிப் போய்விட்ட பஸ் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் மாஸ்டரும் ஒரு முழுத் தட்டை ஒழித்துக்கட்டுவார். "நெஞ்சு தாங்காது, பாதியாக் குறைங்க" என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம். அதையே சொல்லிச் சொல்லி மனைவிக்கு நாக்குத் தேய்ந்தது.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. மெனு அட்டையில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் கலோரி போட வேண்டும். பரிசோதனைக்கூடம் அரைக்கோழிக்குக் கொடுத்த எண் ஆயிரத்துத் தொள்ளாயிரம். அட்டையைப் படித்தவர்கள் எல்லாரும் காய்கறி சூப் கேட்டார்கள்.

"வெண்ணெயைக் குறைங்களேன்" என்றாள் கல்லாவில் இருந்த மனைவி.

"குறைச்சா அது கோழியில்லம்மா. குளிச்சிட்டு வந்த காக்கா."

மாஸ்டர் ஒரு பகல் முழுக்க யோசித்தார். கோழிக்குக் கீழே 'இருவருக்கு' என்று அச்சடித்தார். ஆளுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது! கோழியும் அதே, வெண்ணெயும் அதே. கூட்டம் திரும்பியது. ஒற்றை ஆள்கள் பழையபடி ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்தார்கள்.

பத்தாம் நாள் உணவு ஆய்வாளர் வந்தார், கையில் ஒரு மொட்டைக் கடிதத்தோடு.

"இதை ரெண்டு பேர் சாப்பிடறாங்களா? இல்லேன்னா அட்டையிலேர்ந்து எடுத்துடணும்."

இருபது வருஷம் கடையைத் தாங்கிய கோழி. மாஸ்டர் கல்லாப் பக்கம் திரும்பினார். மனைவி எழுந்து வந்தாள்.

"ஆமா சார். இவர் உடம்பைப் பாருங்க, எவ்வளவு பெருசு. இவராலேயே பாதிக்கு மேல முடியாது. மீதி எனக்கு. தினமும் இப்படித்தான்."

"அப்படியாங்க?" என்று ஆய்வாளர் மாஸ்டரைக் கேட்டார்.

"ஆ... ஆமா சார்."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்தியானம் எப்ப வேணாலும் வந்து பார்ப்பேன்."

கோழி பிழைத்தது. மாஸ்டர் மாட்டினார்.

அன்று மத்தியானம் மனைவி கோழியை இரண்டாக்கினாள். தொடை அவள் பக்கம் போய்விட்டது. தன் பங்கை முடித்தபின் மாஸ்டரின் கை தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது.

"ஆய்வாளர் வர்ற நேரம்" என்றாள்.

கை திரும்பி வந்தது. வந்த வழியில், ஆய்வாளர் விட்டுப்போன மொட்டைக் கடித நகல் அகப்பட்டது. மாஸ்டர் பிரித்தார். வாசல் பலகையில் தினமும் 'இன்றைய ஸ்பெஷல்' எழுதும் அதே உருண்டைக் கையெழுத்து.

"அடிப்பாவி! நீயா?"

"தட்டு பாதியா இருக்கலாங்க. எனக்கு ஆள் முழுசா வேணும்" என்று சொல்லிவிட்டுத் தொடையைக் கடித்தாள்.

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். எனக்கும் அங்கேதான் சாப்பாடு. இப்போதே நான் அரைக்கோழி கேட்டால், எதிரே யாரையாவது கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறாள்.