கருவாட்டுக் காரும் வெட்டிவேர் சாரும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், மூக்கு வேலை செய்யாமலே வாசனைக்காக வாழ்ந்த இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் வெட்டிவேர் சார் ஒருவர்தான். அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் என்னவென்று ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தபால்காரர்கூட வாசலில் நின்று "வெட்டிவேர் சார், லெட்டர்" என்றுதான் குரல் கொடுப்பார்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணம் ஆகாத ஒண்டிக்கட்டை. சார் வீட்டு மாடியில் குடியிருந்தேன். சார் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருடம் விடாமல் போட்ட மூக்குப்பொடியில், அவருக்கு முன்னாலேயே அவர் மூக்கு ரிட்டயர் ஆகியிருந்தது. பொடியை விட்ட பிறகும் அது டூட்டிக்குத் திரும்பவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும், சார் அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

ரிட்டயர் ஆன கையோடு அவர் ஒரு பழைய வெள்ளை அம்பாசடர் வாங்கினார். காரணம் கமலாக்கா, அவருடைய மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அக்காவின் பயணமெல்லாம் பஸ்ஸில்தான், அதுவும் பாதி நின்றுகொண்டு. அக்காவை முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது சாரின் ஆசை. வேறு ஆசை எதுவும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

வண்டியை விற்றவர் ஒரு கருவாட்டு வியாபாரி. வண்டி நிறையக் கருவாட்டு மூட்டை ஏற்றிச் சந்தை சந்தையாகப் போனவர். இதை அவரும் சொல்லவில்லை, சாரின் மூக்கும் சொல்லவில்லை. உடையார்பாளையத்தில் இருக்கும் அக்காவின் தங்கச்சி வீட்டுக்கு முதல் பயணம். மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் ஆகிப் புறப்பட்டார்கள். அரியலூரே வரவில்லை, அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். காலையில் சாப்பிட்ட இட்லி அத்தனையும் ரோட்டோரம் போனது. பின்னாலேயே வந்த பஸ்ஸுக்குக் கை காட்டி, "நீங்க வண்டியில வாங்க, நான் இதுல போறேன்" என்று ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காரில் கால் வைக்கவில்லை.

சாதாரண ஆளாக இருந்தால் காரை விற்றிருப்பார், அல்லது தானும் பஸ்ஸில் ஏறியிருப்பார். சார் சாதாரண ஆள் இல்லையே. பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை அக்கா தங்கச்சியைப் பார்க்கப் பஸ்ஸில் போவார். சார் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு போவார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நிற்பார், இறங்கி ஓடி ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். கண்டக்டர்களுக்கு இது பழகிவிட்டது. "அம்மா, ஐயா லாரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டாரு, இப்ப வந்துருவாரு" என்று அவர்களே நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கார் வாடையை ஒழிக்கும் வேள்வி ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டு வாசலில் நடந்தது. எந்தக் கடைக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் வண்டியை விடமாட்டார். "என் வூட்டம்மா உக்கார்ற சீட்டுங்க. நான்தான் தொடைக்கணும்" என்பார்.

முதலில் டேஷ்போர்டு. பளபளப்பு வரட்டும் என்று செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு மினுக்கு. அடுத்த சனிக்கிழமை ரெட்டிபாளையம் வழியாக, சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு போனார். எண்ணெய் இருந்த இடமெல்லாம் தூசி அப்பிக்கொண்டது. திரும்பி வந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினார். ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதர், சிமெண்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரு நாள் மறந்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் டேஷ்போர்டு மொட்டை மாடித் தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. உளியும் சுத்தியலும் எடுத்துத்தான் மீட்டர் முள்ளை வெளியில் எடுத்தோம்.

அடுத்து யூடியூப் வந்தது. யாரோ ஒரு ஆள் இந்தியில் பேசிக்கொண்டே கார் சீட்டில் வெள்ளையாக நுரை போட்டுத் துடைக்கும் வீடியோவை சார் இருபது தடவை பார்த்தார். இந்தியில் அவருக்கு ஒரு எழுத்து தெரியாது. "பாஷை எதுக்கு வாத்தியாரே, கண்ணு இருக்குல்ல" என்றார். கண் பார்த்துச் சொன்னபடி நாலு டியூப் ஷேவிங் கிரீமும் ஒரு பிரஷ்ஷும் வாங்கிவந்து முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நுரை போட்டார். அந்த வழியாகப் போன சலூன்காரர் சைக்கிளை நிறுத்தி, "சார், மீசையை எடுத்துராதீங்க" என்றார். சார் சிரிக்கவில்லை. காரியத்தில் கண்ணாக இருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி. நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உள்ளே தூபக்கால் வைத்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை கதவு இடுக்கில் புகை வருவதைப் பார்த்த ஆட்டோக்காரர், கார் தீப்பற்றிக்கொண்டது என்று கதவைத் திறந்து இரண்டு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றினார். சார் அவருக்குக் கை கொடுத்து, "நல்ல மனசுங்க உங்களுக்கு. அப்படியே ஒருக்கா மோந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

இங்கேதான் எங்கள் எல்லோருடைய குற்றமும் இருக்கிறது. தன் மூக்கு உதவாது என்பதால் சார் தெருவில் போகிற வருகிறவர்களின் மூக்கைக் கடன் வாங்குவார். பால்காரர், கீரைக்கார அம்மா, தபால்காரர், நான், யாராக இருந்தாலும் காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் நகரவேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாருக்கு உண்மை சொல்ல வாய் வரும்? "அருமையா இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு, தெரு முனை போய்த் தும்முவோம். நாங்கள் அருமை என்று சொல்லச் சொல்ல அவர் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்.

கடைசியாக வந்ததுதான் வெட்டிவேர். காரின் கூரைத்துணியைப் பிரித்தெடுத்துவிட்டு, அந்த இடம் முழுக்க வெட்டிவேரை அடர்த்தியாகப் பின்னித் தைத்தார். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். சீட்டுக்கு அடியில் கற்பூரம், கதவு இடுக்கில் ஏலக்காய், பின்னால் ஒரு கிண்ணத்தில் காபித்தூள். ஐப்பசி மழையில் பின்சீட்டில் காளான் பூத்தது, நான் கண்ணால் பார்த்தேன். கீழே அவர் கார் கதவைத் திறந்தால் மாடியில் என் சாம்பார் சாதத்தில் வெட்டிவேர் மணக்கும்.

இதற்கிடையில் கமலாக்காவின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. பஸ் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கச்சியைப் பார்த்து இரண்டு மாதம் ஆனது. தங்கச்சி போனில் அழுவதும், அக்கா "வரேன்டி, வரேன்டி" என்பதும் மாடிவரை கேட்கும். சார் தாடிகூட எடுக்காமல் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வெட்டிவேரின் மேல் ஜவ்வாதும் பூசினார்.

அன்றைக்கு அக்கா காபி கொடுக்கக் கூப்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை ஏறிடுங்களேன். கருவாட்டு வாடை இப்ப எனக்குத் தெரியலையே."

அக்கா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "கருவாட்டு வாடை போயி மூணு வருஷம் ஆவுது தம்பி."

"அப்புறம் என்னக்கா?"

"இவரு போடுற வாசனைதான் தம்பி. கதவைத் தொறந்தாலே மண்டை இடிக்குது, வயித்தைப் பொரட்டுது. கருவாடே தேவலாம்னு ஆயிடுச்சு."

"சார்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படித் தம்பி சொல்றது? எனக்காகத்தான ஞாயித்துக்கெழம பூரா குனிஞ்சு கெடக்காரு. அவரு போட்டதாலதான் ஏறலன்னு தெரிஞ்சா மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. நீங்களும் சொல்லக் கூடாது."

சத்தியம் வாங்கிக்கொண்டார். ரகசியம் என்பது என் வயிற்றில் தங்காத பண்டம். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள், சத்தியத்தை மீறாமல் ஒரு பொய் சொன்னேன்.

"சார், யூடியூப்ல பார்த்தேன். இப்பல்லாம் காருக்குள்ள ஒண்ணுமே போடறதில்லையாம். எல்லாத்தையும் கழட்டி வெறும் தண்ணியில கழுவி, எட்டு நாள் வெயில்ல போடறாங்க. அவ்வளவுதான்."

கையில் ஜவ்வாது டப்பாவோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுமே போடக் கூடாதா?"

"ஒண்ணுமே கூடாதாம்."

டப்பாவை மெதுவாக மூடினார். "சரி" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒன்றும் போடாமல் இருப்பதையும் மனிதர் போர்க்கால அடிப்படையில்தான் செய்தார். கூரை வெட்டிவேரைப் பிய்த்து எறிந்தார். சீட்டுகளைக் கழற்றி ரெக்ஸினை உரித்து, உள்ளே இருந்த தேங்காய் நாரையெல்லாம் அலசினார். பின்சீட்டு மொட்டை மாடியில் என் கதவை அடைத்துக்கொண்டு காய்ந்தது. எட்டு நாளும் நான் அதைத் தாண்டிக் குதித்துத்தான் பள்ளிக்கூடம் போனேன். மணிக்கு ஒரு தரம் வந்து, வடாம் திருப்பிப் போடுவது மாதிரி அதைத் திருப்பிப் போடுவார். கூரைக்குத் தன்னுடைய துவைத்த வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டினார். வழக்கமான ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. யாரையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை காரின் முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வா என்றுகூடக் கூப்பிடவில்லை. அக்கா காலை இழுத்து இழுத்து வந்தார். குனிந்து தலையை உள்ளே விட்டார்.

"ஒண்ணையும் காணோமே" என்றார் அக்கா.

"ஒண்ணுமே போடலம்மா" என்றார் சார்.

அக்கா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீங்கிய காலைச் சார்தான் இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். "வாத்தியாரே, நீங்களும் ஏறுங்க. வழியில ஏதாச்சும்னா ஒரு ஆளு வேணும்" என்றார். அந்தக் கொண்டாட்டத்தில் அக்கா கொடுத்த இரண்டு டம்ளர் காபியையும் மறுக்காமல் குடித்துவிட்டுப் பின்சீட்டில் ஏறினேன்.

அரியலூர் வந்தது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டவுனைத் தாண்டியதும் அவர் தலை லேசாகச் சாய்ந்தது, கொஞ்ச நேரத்தில் சாரின் தோளில் வந்து நின்றது. தூங்கிவிட்டார். இரண்டு மாதமாக முழங்கால் வலியில் ராத்திரி தூக்கம் இல்லாதவர். சார் கியரை மாற்றாமல், தோளை அசைக்காமல் ஓட்டினார். பின்னால் சிமெண்ட் லாரிகள் ஹாரன் அடித்து எங்களைத் திட்டிக்கொண்டே முந்திப் போயின.

சார் ரோட்டைப் பார்த்தபடியே கிசுகிசுத்தார். "இத்தனை வருசமும் நான் போட்ட வாசனைதானா வாத்தியாரே?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் ஒரு தெருவே சேர்ந்து, மரியாதை என்று நினைத்து இந்த மனிதரை ஏமாற்றியிருக்கிறோம்.

உடையார்பாளையம் வந்தது. அக்காவின் தங்கச்சி தன் வீட்டு வாசலில் நின்று கையை ஆட்டினார். கார் நிற்கவில்லை. ஆட்டிய கை ஆட்டியபடி நிற்க, பின்னால் அவர் சின்னதாகிப் போனார்.

"சார், வீடு போயிடுச்சு" என்றேன்.

"பார்த்தேன். நிறுத்துனா முழிச்சுக்குவா. கொஞ்ச தூரம் போவோமே."

ஜெயங்கொண்டம் போனது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் வந்து, அதுவும் பின்னால் போனது. இரண்டு டம்ளர் காபியும் எனக்குள் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தன. நான் நெளிவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஏதாச்சும் அவசரமா வாத்தியாரே?"

"இல்ல சார், போங்க" என்றேன். அந்த மனிதருக்காக அன்றைக்கு அடுத்த ஊரான மீன்சுருட்டி என்ன, சிதம்பரம் வரைக்கும்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.