எனக்கு ஓலை வாசித்த ஞாயிறு

டிவியில் சிரிப்பு நடிகனாக இருப்பதில் ஒரு பெரிய கஷ்டம் உண்டு. நிஜமாகவே வேதனைப்பட்டாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதிலும் நான் முகத்தில் ஒரு சதைகூட அசையாமல் வசனம் பேசியே சோறு தின்கிறவன். (பயிற்சியில் வந்த கலை என்று பேட்டிகளில் சொல்வேன். பிறந்ததிலிருந்தே மூஞ்சி இப்படித்தான்.)

அப்போது ஒரு தொடரில் இரண்டு பெண்டாட்டிக்காரனாக நடித்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம், "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில்கூட அதைச் சொல்லிக் காட்டச் சொல்வார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் திண்டிவனத்து டீச்சர் ஸ்டெல்லாவை எனக்கு நிச்சயம் செய்தார்கள்.

எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயரைச் சொல்லி, "தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம்" என்பார் பங்குச் சாமியார். யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் வேகும் கறியின் நினைப்பில் இருப்பார்கள்.

முதல் ஞாயிறன்று, பீடத்துக்குப் பூ கட்டிக் கொடுக்கும் பிலோமினா அக்கா எழுந்தார்.

"சாமி, இந்தாளுக்கு ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டி கீறாங்க. தெனமும் ஏழரைக்கு நானே பாத்துக்கினுதான் இருக்கறேன்!"

சாமியாருக்கு சீரியல் பழக்கம் கிடையாது. "உண்மையா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

எழுந்தேன். பதற்றத்தில் வாய் தானாகப் பேசியது.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது, ஃபாதர்."

கோயிலே வெடித்துச் சிரித்தது. பாடகர் குழுவில் ஒருவர் ஆர்மோனியத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஓலை கேட்க மகளோடு எங்கள் கோயிலுக்கு வந்திருந்த என் வருங்கால மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"பூசையிலயே தமாஷா? ஓலைய நிறுத்துங்க சாமி. இந்தப் பேஜாரே நமக்கு வேணாம்!"

ஸ்டெல்லா கிடைக்காமல் போய்விடுவாளோ என்று நிஜமாகவே பயந்தேன்.

"மாமா, அது வெறும் நடிப்பு. இப்ப நான் உள்ளுக்குள்ள அழுதுக்கினு இருக்கறேன், மாமா."

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். (பிலோமினா அக்காவும்தான்.)

ஸ்டெல்லா எழுந்தாள்.

"அப்பா, இந்த மூஞ்சிக்கு நான் ஒருத்தி சம்மதிச்சதே பெருசு. ரெண்டாவதா எவ வருவா?"

மாமனார் என்னை உற்றுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அதுவும் சரிதான். நீங்க வாசிங்க சாமி."

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்றும் வெளியூர்ப் படப்பிடிப்பு முடிந்து வீடு திரும்பினால், என் மகள் பையை வாங்கிக்கொண்டே விசாரிக்கிறாள்:

"சின்னம்மா நல்லா இருக்கறாங்களாப்பா?"

கேட்கச் சொல்லி அனுப்பியவள் சமையலறையில் சிரித்துக்கொண்டிருப்பாள்.