வலியில்லாமல் போன கடைவாய்ப் பல்

இரும்புலியூர்,
5-5-1968, ஞாயிறு காலை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் சுந்தர்சிங்குக்கு எலியேசர் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா புஷ்பமும் கல்யாணப் பெண் ஞானஜோதியும் சுகம். நாகர்கோவிலில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. வலி எள்ளளவும் இல்லை! பல் டாக்டர் இருக்கிற தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, இப்போது சிரி பார்க்கலாம்.

உள்ளதைச் சொல்வதென்றால், பயந்தேன். ஐம்பது பையன்களை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற பிஸிக்ஸ் வாத்தியார் நான், பல் டாக்டர் தனசிங் வாசலில் நின்று, உள்ளே கொதிக்கிற தண்ணீரில் இடுக்கி கடகடக்கும் சத்தம் கேட்டு, மூன்று நாள் அப்படியே திரும்பி வந்தேன். ரிக்‌ஷாக்கார சவுரிமுத்துவே, "இன்னா சார், டெய்லி வந்து கதவப் பாத்துகினு போற, பெயிண்ட் அடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டான். நாலாம் நாள் கன்னம் பன் ரொட்டிபோல வீங்க, உள்ளே போனேன். "இப்படியே விட்டா கல்யாணத்தன்னிக்குக் காய்ச்சல்ல படுத்துடுவீங்க சார். பொண்ணை யார் கோயிலுக்குள்ள கூட்டிட்டு வருவா?" என்றார் டாக்டர். ஒரே மகள், மச்சான். அந்த வார்த்தை பல்லைவிட வலித்தது.

மயக்கத்துக்கு வழி உண்டா என்று கேட்டேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வாயு கொடுத்துத் தூங்க வைப்பார்களாம். தூக்கத்தில் நான் என்னென்ன உளறுவேனோ, உன் அக்கா பக்கத்தில் நிற்பாளே, வேண்டாம் என்றேன். இல்லையென்றால் ஈறு மரத்துப்போக ஊசி, ஊசிக்கும் நடுங்குகிறவனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு மாத்திரை. நேற்று சாயங்காலம் ஊசிக்கு ஒன்று, இடுக்கிக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று என்று மூன்றாக விழுங்கினேன். புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்ததுதான் ஞாபகம். கண் விழித்தது இன்று காலை, என் கட்டிலில், வாயில் கிராம்புத் தைலப் பஞ்சோடு. பல் எடுத்த இடத்தை ஒரு நாள் நாக்கால்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தபடியால் தொடவில்லை, பேசவும் இல்லை. காப்பியைக்கூடச் சைகையில்தான் கேட்டேன். இன்று ஆராதனையில் வாசிக்கும்படி, ஒரு சீட்டில் ஸ்தோத்திரம் எழுதிப் போதகருக்கு அனுப்பிவிட்டேன்.

உனக்கும் ஒரு பல் ஆடுகிறதாமே? தைரியமாகப் போ. மனத்திடம் ஒன்று போதும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தேவகிருபை உங்கள் வீட்டில் தங்கட்டும்.

பிரியமுள்ள,
எலியேசர்

பி.கு.: கோயிலிலிருந்து வந்து எழுதுகிறேன். "சகோதரர் எலியேசருக்கு வலியின்றிப் பல் எடுக்கப்பட்டதற்காக ஸ்தோத்திரம்" என்று போதகர் வாசித்தார். சபை முழுவதும் ஆமென் என்றது. முன்வரிசையில் டாக்டர் தனசிங் மட்டும் சொல்லவில்லை; மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கட்டைவிரலில் பெரிய கட்டு. புஷ்பம் என் காதோரம், "என்னங்க இது அநியாயம், பல்லை எங்க எடுத்தாங்க? நீங்கதான் தூக்கத்துல டாக்டர் விரலைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டீங்களே! மூணு பேர் சேர்ந்து விரலைத்தான் எடுத்தோம்" என்றாள். நாக்கை மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். பல் பத்திரமாக இருக்கிறது.

விரல் ஆறியதும் 13ஆம் தேதி எடுக்கிறாராம். இந்தத் தடவை மாத்திரை கிடையாது. என் தாடையைப் பிடித்துக்கொள்ளப் பலசாலியாக ஓர் ஆளும் வர வேண்டுமாம். 16ஆம் தேதிக் கல்யாணத்துக்கு முந்தின நாள் வருவதாக எழுதியிருந்தாய். 12ஆம் தேதியே வந்து சேர்ந்துவிடு, மச்சான்.