மலையில் நான் சொன்ன ‘ஆ’

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்தோடு எழுதுவது. வலது கடைவாய்ப் பல்லும் இரண்டு முழங்கால்களும் தவிர, மற்றபடி நான் சௌக்கியம். நீயும் அத்தானும் எல்லா உறுப்புகளோடும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் பெண் விரும்புகிற பையனுடைய அப்பா, அதுதான் அந்தப் பல் டாக்டர், கல்யாணப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் நானும் அவரும் பழக வேண்டும் என்று என்னை மலைக்குக் கூப்பிட்டதைச் சொன்னேன் அல்லவா. போய் ஆள் எப்படி என்று பார்த்துவிட்டு வா என்று நீயும் சொன்னாய். பார்த்துவிட்டு வந்தேன். இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிப்பட்டு வராது அக்கா.

ஏன் என்று கேள். நானோ லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். மேலே போக வேண்டுமென்றால் பொத்தானை அமுக்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. அந்த மனிதர் தார்ச்சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்தி, என் முதுகில் ஒரு மூட்டையை மாட்டி, இனிமேல் நடைதான் என்றார், ஏதோ பரிசு கொடுப்பதுபோல. மூட்டையில் நம் பெண் வைத்த துணிமணி போதாதென்று நான் என் ஸ்பானர் செட்டையும் போட்டு வைத்திருந்தேன். அது இல்லாமல் வெளியே போய் எனக்குப் பழக்கமில்லை. மரங்கள் முடிந்து பாறை தொடங்கிய இடத்தில் எனக்கு மூச்சு வாங்கி, பேச்சு நின்று, கண்ணில் பூச்சி பறந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மூட்டையைக் கழற்றித் தன் நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் பாரமாக ஏறிப் போனார். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பார்க்க ஒரு காட்டாட்டைத் தவிர யாருமில்லை. அதுவும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தது.

சாயங்காலம் ஓடைக்கரையில் கூடாரம் போட்டோம். போட்டோம் என்று எப்படிச் சொல்வது, அவர் முளை அடிக்கிற நேரத்துக்கு மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், நானும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், அப்போது பார்த்து எனக்கு ஒரு தும்மல் வந்தது, காற்றும் வந்தது, கூடாரம் எழுந்து போய் ஓடையில் உட்கார்ந்துவிட்டது. கரையில் வைத்திருந்த அவருடைய படுக்கைப் பையையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. வேறு யாராக இருந்தாலும் நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள். இவர் சிரிக்கிறார் அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, நனையாமல் இருந்த இன்னொரு படுக்கைப் பையில் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, தான் மழைக்கோட்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தார். கோபமே வராத ஆளோடு எப்படிச் சம்பந்தம் செய்துகொள்வது? நாளைக்கு ஒரு மனஸ்தாபம் என்றால் நான் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

விடிந்ததும் குளிரில் கட்டையாகப் போயிருந்த ரொட்டியைக் கடித்தேன். கடைவாயில் இருந்த பழைய அடைப்பு அதோடு வந்துவிட்டது. வலி உயிர் போகிறது. உடனே அவர் என்னை ஒரு பாறையில் சாய்த்து, பட்டப்பகலில் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, வாயில் விரலை விட்டுப் பஞ்சால் அடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் பேச்சை எடுத்தார்.

"ஊர்ல இருக்கிறவங்க பல்லையெல்லாம் நான் பார்க்கிறேன். ஆனா என் பையன், அவங்கம்மா செத்துப் போனதுலேருந்து, சிரிச்சு அவன் பல்லை நான் பார்த்ததே இல்லை. உங்க பொண்ணு பழக ஆரம்பிச்சப்புறம்தான் பார்க்கிறேன். பொண்ணை எங்க வீட்டுக்குத் தர்றீங்களா?"

நாக்கின் மேல் அவர் விரல் இருக்கிறது. நான் என்ன சொல்ல முடியும்? "ஆ" என்றேன். வலியில் வந்த ஆ அது. அவர் அதை ‘ஆகட்டும்’ என்று எடுத்துக்கொண்டு, விளக்கைக்கூட அணைக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு மூட்டையையும் சுமந்து, வழி நெடுகப் பாடிக்கொண்டே இறங்கினார். அந்தக் குரலுக்கு நடுவில் போய் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டிலோ எல்லாரும் ஏற்கெனவே அவர் கட்சி. அதனால் குடும்பத்துக்கு மூத்தவளான நீதான், என் தம்பி சொன்னது சம்மதமில்லை, பல்வலி என்று அவர் மனம் நோகாமல் இரண்டு வரி எழுதிப் போட வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். இருமல் மருந்தை மறக்காமல் கொடு.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சம்பந்தி வந்து, பல்லை நன்றாக அடைத்துவிடலாம் என்று என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விட்டார். நாற்காலியில் உட்கார வைத்தவர் விளக்கைப் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க வலியிலதான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். ஆசையில அப்படியே பிடிச்சுக்கிட்டேன். இப்ப வாயை மூடிக்கிட்டு, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம் அக்கா, கிளம்பி வா.