அரை மணி நேரம் பிள்ளையப் பாத்துக்கிட்ட கதை

அன்னைக்குக் காலையில எனக்குக் குடுத்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். அரை மணி நேரம் பிள்ளைய அடுப்படிப் பக்கம் விடாம வச்சிருக்கணும்.

"இட்லி ஊத்தி சட்னி அரைச்சு முடிக்கிற வரைக்கும் அவளப் பாத்துக்கங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்"னு செல்வி சொன்னா. செல்வி என் பொண்டாட்டி. அந்த 'வேற ஒண்ணும் செய்ய வேணாம்'ங்கிறதுல ஒரு அழுத்தம் இருந்துச்சு. எட்டு வருசம் என்கூடக் குடும்பம் நடத்துன அனுபவம் அது.

எங்க மக கனிஷ்காவுக்கு அஞ்சு வயசு. பள்ளிக்கூடம் இருந்தா எட்டு மணிக்குக்கூட எந்திரிக்க மாட்டா. லீவுன்னா ஆறு மணிக்கே எந்திரிச்சு என் நெஞ்சு மேல ஏறி உக்காந்துருவா.

"அப்பா, ஒளிஞ்சு வெளையாடுவோம்."

சரின்னேன். நான் யாருன்னு இங்க சொல்லிருறேன். மலைக்குக் கீழ இருக்குற போடியில வீட்டுல உக்காந்துக்கிட்டே வெளியூர்க் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவன். எனக்குக் கீழ பதினாலு பேரு. நான் எடுக்குற முடிவ எல்லாம் அவங்க தலையாட்டிக் கேட்டுக்குவாங்க. அந்த மிதப்புலதான் வெளையாட எறங்குனேன்.

மொதத் தடவ கதவுக்குப் பின்னாடி நின்னேன். மூணு எண்ணுறதுக்குள்ள பிடிச்சுட்டா.

ரெண்டாந்தடவ கட்டிலுக்கு அடியில. கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சாம். கட்டை வெரலப் பிடிச்சு இழுத்தா.

மூணாந்தடவ பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல என்னைச் சொருகிக்கிட்டேன். அவ தேடவே இல்ல. நேரா வந்து வயித்துல ஒரு குத்து விட்டுட்டுச் சொன்னா: "அப்பா, உனக்கு ஒளியவே தெரியலை. நீ ரொம்பப் பெருசு."

இந்த எடத்துல புத்தியுள்ள அப்பனா இருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பான். எனக்கு ரோசம் வந்துருச்சு.

"இந்தத் தடவ பாரு. கண்ண மூடிக்கிட்டு நூறு வரைக்கும் எண்ணு."

"எனக்கு இருபதுக்கு மேல தெரியாது."

"அப்ப இருபது வரைக்கும் அஞ்சு தடவ எண்ணு."

அவ வாசப்படியில நின்னு ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டு எண்ண ஆரம்பிச்சா. நான் கேட்டைத் தெறந்து வெளிய ஓடுனேன்.

வீட்டு முன்னாடி சுருளியண்ணே ஜீப்பு நின்னுச்சு. தெனமும் காலையில எங்க தெருவுப் பொம்பளைகள ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலைக்கு மேல கூட்டிட்டுப் போற ஜீப்பு அது. வண்டிய எங்க வீட்டு முன்னாடி நிறுத்திட்டு சுருளியண்ணே முக்குக் கடையில டீ குடிக்கப் போயிருவாரு. பொம்பளைக ஒவ்வொருத்தரா வந்து ஏறுவாக. வண்டி நெறஞ்சாத்தான் கெளம்பும். சில நாள் அரை மணி நேரம்கூட நிக்கும்.

பின்பக்கம் எட்டிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் பெஞ்சு. நடுவுல தரையில தோட்டத்துக்குப் போற உர மூட்டை மூணு, மேல ஒரு தார்ப்பாய். உள்ள ஏறி மூட்டையோட மூட்டையாப் படுத்து, தார்ப்பாய இழுத்து மூடிக்கிட்டேன்.

லுங்கி, பனியன். காலுல செருப்பு இல்ல. போன் வீட்டுல சார்ஜ்ல கெடக்கு. பதினாலு பேருக்கு அதிகாரி உர மூட்டைக்கு நடுவுல மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்குறான்.

ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. வண்டி ஆடுச்சு. கொலுசுச் சத்தம், தூக்குவாளிச் சத்தம். பொம்பளைக அத்தனை பேரும் மொத்தமா வந்து ஏறிட்டாக. யாரோ என் முதுகு மேல ரெண்டு காலையும் தூக்கி வச்சாக.

"இந்த மூட்டை மெத்துன்னு இருக்குடி"ன்னு ஒரு குரல். பக்கத்துச் சந்துல இருக்குற போதுமணியக்கா.

அப்பவே எந்திரிச்சிருக்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஆறேழு பொம்பளைக காலடியில இருந்து பனியனோட ஒருத்தன் எந்திரிச்சா என்ன நெனைப்பாக? சுருளியண்ணே வரட்டும், அவர்கிட்ட மெதுவாச் சொல்லிக்குவோம்னு முடிவு பண்ணேன். என்னோட முடிவ எல்லாம் கம்பெனியில தலையாட்டிக் கேட்டுக்குவாங்கன்னு சொன்னேன்ல, அந்த மாதிரி ஒரு முடிவு.

சுருளியண்ணே வந்தாரு. வந்தவரு பின்னாடி திரும்பிக்கூடப் பாக்கலை. "நேத்தே லேட்டுன்னு முதலாளி ஏசுனாரு. வெரசாப் போவோம்"னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டாரு.

அப்பத்தான் கேட்டுப் பக்கம் இருந்து கனிஷ்கா குரல் கேட்டுச்சு. "அப்பா... அப்பா..."

அந்த நெலமையிலயும் எனக்கு ஒரு சந்தோசம். கண்டுபிடிக்க முடியலைல்ல. கத்து, நல்லாக் கத்துன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அஞ்சு வயசுப் பிள்ளைய ஜெயிச்ச பெருமையில வண்டி தெரு முக்குத் திரும்புனதக்கூட நான் கவனிக்கலை.

"பாவம், அந்தப் பிள்ள அப்பனத் தேடுது"ன்னு ஒருத்தி சொன்னா.

"எங்கிட்டுப் போயிருப்பான்? வீட்டுக்குள்ளதான் கெடப்பான்"னு போதுமணியக்கா ஆரம்பிச்சாக. "ஆம்பள ஒருத்தன் பகல் பூரா வீட்டுக்குள்ள கெடந்தா அவன் வேலைக்குப் போறான்னு எப்படிடி சொல்றது? கேட்டா கம்ப்யூட்டராம். மேல சட்டை, கீழ லுங்கி. அன்னைக்கு சன்னல் வழியா நானே பாத்தேன்."

"மீட்டிங்காம்க்கா. செல்வி சொன்னா."

"என்ன மீட்டிங்கு? பொட்டியப் பாத்து ஓகே ஓகேங்கிறான். அம்புட்டுத்தான். அதுக்கும் சம்பளம் குடுக்குறாகளே, அவுகளச் சொல்லணும்."

எல்லாரும் சிரிச்சாக. வெளிய வர்றதுக்கு இருந்த கடைசி வழியும் அதோட அடைபட்டுப் போச்சு. இப்ப எந்திரிச்சா அத்தனையும் கேட்டுட்டேன்னு ஆயிரும். எந்திரிக்கலைன்னா மலைக்குப் போயிருவேன். மானமா மலையான்னு யோசிச்சேன். மலைதான் பரவாயில்லைன்னு தோணுச்சு.

காத்து குளுகுளுன்னு அடிக்க ஆரம்பிச்சது. அடிவாரம் தாண்டி வளைவு வளைவா மேல ஏறிக்கிட்டு இருக்கோம்னு தெரிஞ்சது. அந்த நேரத்துலதான் எனக்கு ஒண்ணு ஒறைச்சது.

கேட்டைத் தெறந்து போட்டுட்டு வந்தது நான். பிள்ள கேட்டுல நின்னு கூப்பிட்டா. என்னைத் தேடிக்கிட்டு ரோட்டுக்கு வந்திருந்தா? லாரியும் பஸ்சும் போற ரோடு. செல்வி அடுப்படியில மிக்ஸி சத்தத்துல இருப்பா. அவளுக்கு ஒண்ணும் காதுல விழுகாது.

அதுக்கு அப்புறம் மானம் எல்லாம் ஞாபகம் வரலை. எந்திரிக்கணும்னு கையை ஊணுனேன். அதுக்குள்ள வண்டி செக்போஸ்ட்ல நின்னுருச்சு.

"உள்ள என்ன லோடு?"ன்னு ஒரு குரல்.

"உர மூட்டை சார்"னு சுருளியண்ணே.

தார்ப்பாய் மேல ஒரு கம்பு வந்து சரியா என் விலாவுல குத்துச்சு. மூட்டை "ஆத்தாடி"ன்னுச்சு.

என் முதுகு மேல இருந்த காலு ரெண்டும் சட்டுன்னு மேல போயிருச்சு. தார்ப்பாய விலக்கிக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தேன். தலையெல்லாம் உரம். காக்கிச்சட்டை போட்ட ஒருத்தர் கம்போட என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"யாருய்யா நீ? உள்ள என்ன பண்ற?"

பொய் சொல்ல நேரம் இல்ல. உண்மையச் சொன்னேன். "ஒளிஞ்சு வெளையாடுறேன் சார்."

"யாரு கூட?"

"எம்மக கூட."

"அவ எங்க இருக்கா?"

"போடியில."

அவரு திரும்பி, கீழ ரொம்பத் தூரத்துல தெரிஞ்ச ஊரைப் பாத்தாரு. பெறகு என்னைப் பாத்தாரு. "அங்க இருந்து எப்படிய்யா அந்தப் பிள்ள உன்னக் கண்டுபிடிக்கும்?"ன்னு கேட்டாரு. நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு.

வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும்னு கெஞ்சுனேன். பிள்ள ரோட்டுக்கு வந்திருப்பாளோன்னு சொன்னதும் அவரு மொகம் மாறிருச்சு. சட்டுன்னு போனை எடுத்துக் குடுத்தாரு. "உன் வீட்டுக்காரம்மா நம்பரப் போடு."

எனக்குச் செல்வி நம்பர் தெரியாது. 'செல்வி'ன்னு அமுக்குனா போகும். எட்டு வருசமா அப்படித்தான். ஜீப்புல இருந்த பொம்பளைக கிட்டயும் அவ நம்பர் இல்ல. என் நம்பர் தெரியும். அடிச்சுப் பாத்தேன், எடுக்கலை. பிள்ள எந்திரிச்சுரக் கூடாதுன்னு ராத்திரியே அதச் சைலண்ட்ல போட்டு வச்ச புண்ணியவானும் நான்தான்.

"பொண்டாட்டி நம்பர் தெரியாதவன நான் எப்படிய்யா நம்புறது? ஏதாச்சும் ஐடி கார்டு?"

லுங்கியில எங்க இருக்கு ஐடி கார்டு.

கடைசியில போதுமணியக்காதான் காப்பாத்துனாக. "விடுங்க சார், எங்க தெருக்காரருதான். வெவரம் பத்தாது, ஆனா கெட்டவரு இல்ல." சொல்லிட்டு என் பக்கம் திரும்புனாக. "போடியில இருந்து இதுக்குள்ளயா கெடந்தீக?"

"ஆமாக்கா."

"நாங்க பேசுனதெல்லாம் கேட்டுச்சா?"

தலையாட்டுனேன். சங்கடப்படுவாகன்னு பாத்தேன்.

"நல்லதாப் போச்சு. என்னைக்காச்சும் நேர்லயே சொல்லணும்னு இருந்தேன்"னாக.

சுருளியண்ணே வண்டியத் திருப்ப முடியாதுன்னுட்டாரு. காக்கிச்சட்டைக்காரருதான் மேல இருந்து பலாப்பழம் ஏத்திக்கிட்டு எறங்குன ஒரு பிக்கப்ப நிறுத்தி என்னை ஏத்தி விட்டாரு. டிரைவர் மலையாளத்துக்காரர். "எந்து பற்றி சேட்டா?"ன்னு கேட்டாரு. என்ன ஆச்சு அண்ணேன்னு கேக்குறாரு. பூராவும் சொன்னேன். அவரு சிரிக்கவே இல்ல. ரெண்டு வளைவு எறங்குன பெறகு ஒரு கேள்வி கேட்டாரு.

"மோளுக்கு எத்தர வயசு?"

"அஞ்சு."

"சேட்டனுக்கோ?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஆனா வண்டிய நல்லா வெரட்டுனாரு. வழி நெடுக ரோட்டு ஓரத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். எங்கயாச்சும் நாலு பேரு கூடி நின்னா வண்டிய மெதுவா விடச் சொன்னேன். ஒரு எடத்துல கூட்டம். எட்டிப் பாத்தா இளநீ வண்டி.

தெரு முக்குல எறங்கி ஓடுனேன். கேட்டு தெறந்த மேனிக்கே கெடந்துச்சு. வாசல்ல யாரும் இல்ல. உள்ள ஓடுனேன்.

கனிஷ்கா தரையில உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருந்தா. செல்வி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. ரெண்டு பேரும் தலையத் தூக்கிப் பாத்துட்டு அவங்கவங்க வேலையப் பாத்தாங்க.

அங்கயே செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். மூச்சு வந்த பெறகு மெதுவாக் கேட்டேன். "என்னை யாரும் தேடலையா?"

"எதுக்குத் தேடணும்? அப்பா ஜீப்புல ஏறி வேலைக்குப் போயிட்டாருன்னு பிள்ள வந்து சொல்லுச்சு"ன்னா செல்வி.

"அத நீ நம்புனியா?"

"நம்பலை. ஆனா வீடு அமைதியா இருந்துச்சு. சரி, அதப் போயிக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

நான் மகளப் பாத்தேன். "நான் ஜீப்புல ஏறுனது உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன். வெரல் சந்துல."

"எண்ணும்போதேவா?"

"அப்பல இருந்துதான். எல்லாத் தடவயும் அப்படித்தான் பாப்பேன்."

மூணு தடவ தோத்ததுக்கும் காரணம் வெளங்கிருச்சு. "அப்புறம் எதுக்கு கேட்டுல நின்னு அப்பா அப்பான்னு கத்துன?"

"டாட்டா காட்டத்தான்." இட்லிய அப்படியே வச்சுட்டா. உதடு பிதுங்குச்சு. "எல்லா அப்பாவும் வேலைக்குப் போகும்போது டாட்டா காட்டுவாங்க. நீ தலையத் தூக்கவே இல்ல."

சொல்லி முடிச்சதும் அவளே எந்திரிச்சு வந்தா. கையப் பிடிச்சு எந்திரிக்க வச்சு, என்னைக் கேட்டுக்கு வெளிய கூட்டிட்டுப் போயி நிறுத்துனா. அவ உள்ள நின்னுக்கிட்டா. "இப்பக் காட்டு"ன்னா.

தலையில உரத்தோட, லுங்கி பனியனோட, தெருவுல நின்னு எம்மகளுக்கு டாட்டா காட்டுனேன். எதுத்த வீட்டுக்காரரு பல் வெளக்குறத நிறுத்திட்டுப் பாத்தாரு. அவ திருப்திப்படுற வரைக்கும் நாலு தடவ காட்ட வேண்டியிருந்துச்சு.

மறுநாள் காலையில மொத வேலையா செல்வி நம்பர மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தேன். வாசல்ல ஹாரன் சத்தம். போதுமணியக்கா ஜீப்புக்குள்ள இருந்தே சத்தம் குடுத்தாக.

"செல்வி, உன் வீட்டுக்காரரு இன்னைக்கும் வர்றாகளான்னு கேளு. வந்தா பெஞ்சுல எடம் போட்டு வைக்கிறேன்."

செல்வி வாசல்ல நின்னு ஜீப்பைப் பாத்தா, வீட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா.

அவ "இல்லக்கா"ன்னு சொல்றதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு.